கிளைக்குக் கிளை 15 மில்லிமீட்டர்

கணிதத் துறையோ புள்ளியியல் துறையோ உள்ள எந்தக் கல்லூரியிலும் இவர் ஒருவர் இருப்பார். ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள் திரையில் வெள்ளைத் தாள் தெரியும். இவர் திரையில் மட்டும் கறுப்புப் பின்னணி. அதில் சாய்கோடும் அடைப்புக்குறியுமாகப் பச்சை எழுத்துகள். யாராவது வேர்டில் அடித்த வினாத்தாளை அனுப்பினால் கேள்வியைப் படிக்கமாட்டார். பின்னத்தின் கோடு அரை நூல் மேலே ஏறி நிற்பதைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, "இதை லேடெக்ல போட்டிருக்கலாமே சார்" என்பார்.

இவரை லேடெக்கர் என்றே அழைப்போம். ரஞ்சி டிராபியில் பம்பாய்க்கு ஆடியவர் பெயர் மாதிரி இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

லேடெக் அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. வேர்டில் ஒரு சொல்லைத் தடிப்பாக்க வேண்டுமென்றால் பொத்தானை அமுக்குகிறோம், தடித்துவிடுகிறது. லேடெக்கில் ‘இதைத் தடிப்பாக்கு’ என்று கட்டளை எழுதிவைத்து, கோப்பு முழுவதையும் கம்பைல் செய்ய வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் பக்கம் வரும். அந்த ‘எல்லாம் சரியாக இருந்தால்’ என்பதற்குள் எத்தனையோ ஆராய்ச்சி மாணவர்களின் இளமை அடங்கிக் கிடக்கிறது.

லேடெக்கரின் குலதெய்வம் அமெரிக்காவில் இருக்கிறார். டொனால்ட் குனூத், ஸ்டான்ஃபோர்டின் ஓய்வுபெற்ற பேராசிரியர். 1977-இல் அவருடைய கணினி நிரலாக்க நூல் வரிசையில் இரண்டாம் பாகம் மறுபதிப்புக்குப் போனது. ஈய எழுத்து ஒழிந்து புகைப்பட அச்சுக்கோப்பு வந்திருந்த நேரம். மெய்ப்பைப் பார்த்த குனூத்துக்கு எழுத்தின் அழகு பிடிக்கவில்லை. வேறொருவராக இருந்தால் பதிப்பகத்துக்குக் காட்டமாக ஒரு கடிதம் போட்டிருப்பார். இவரோ அச்சுக்கோக்கும் மென்பொருளைத் தானே எழுத உட்கார்ந்துவிட்டார். சீக்கிரம் முடித்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பலாம் என்பது கணக்கு. டெக் மென்பொருளும் அதற்கான எழுத்துருக்களும் ஒரு நிலைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. நான்காம் பாகம் காத்துக்கிடந்தது. டெக்கின் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் எழுப்பிய மாடிதான் லேடெக். டெக்கைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் அதன் பதிப்பு எண்ணில் பை (π) மதிப்பின் அடுத்த இலக்கம் சேரும், இப்போது 3.141592653. தன் நூல்களில் பிழை காட்டுபவர்களுக்கு குனூத் 2008 வரை 2 டாலர் 56 சென்ட்டுக்குக் காசோலை அனுப்பிவந்தார். வாங்கியவர்களில் பலர் அதை வங்கியில் போடவில்லை, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள்.

ஒரு மெய்ப்புத்தாள் பிடிக்காததால் பத்தாண்டு ஒதுக்கியவரைக் கும்பிடுகிற ஆள், ஒரு படத்துக்கு ஒரு ராத்திரி ஒதுக்குவதில் வியப்பில்லை.

மாடல் தேர்வு நெருங்கும்போது துறைத்தலைவி நிகழ்தகவுப் பாடத்தில் ஒரு கணக்கு கேட்பார். லேடெக்கர் கணக்கை மூன்று நிமிடத்தில் எழுதிவிடுவார். நாளை மழை பெய்வதற்கான நிகழ்தகவு 0.4. பெய்தால் ஒருவர் குடையை மறந்துவிட்டு வருவதற்கு 0.7, பெய்யாவிட்டால் மறப்பதற்கு 0.2. அவர் குடையை மறந்துவிட்டார் என்றால் மழை பெய்திருப்பதற்கான நிகழ்தகவு என்ன? பேயஸ் தேற்றம். மழை நாளில்தான் குடை அதிகம் மறக்கும் என்ற உலக அனுபவத்தையும் கணக்கில் சேர்த்திருக்கிறார், பாராட்டலாம்.

விடைக்குறிப்பில் ஒரு மர வரைபடம் வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளை பென்சிலால் போடுகிற சமாசாரம் இது. ஒரு புள்ளி, அதிலிருந்து இரண்டு கோடு, ஒவ்வொரு முனையிலிருந்தும் மேலும் இரண்டு. கோட்டின் மேல் நிகழ்தகவு. கிளை வழியே போனால் பெருக்க வேண்டும், முனைகளைச் சேர்த்தால் கூட்ட வேண்டும். 1676-இலேயே டச்சுக்காரர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஒரு சூதாட்டக் கணக்குக்காகத் தன் கையெழுத்துத் தாளில் இப்படி ஒரு மரம் போட்டுவைத்திருக்கிறார். இறகுப் பேனாவுக்குக் கம்பைல் எரர் கிடையாது.

மரத்தை லேசாக எண்ணிவிடவும் கூடாது. மார்பகப் புற்றுப் பரிசோதனைக் கணக்கு பிரபலமானது: நோய் 100 பேரில் ஒருவருக்கு; நோய் இருந்தால் மேமோகிராம் 80 சதவீதம் பிடித்துவிடும்; இல்லாதவர்களிலும் 9.6 சதவீதம் பேருக்குத் தவறாக ‘இருக்கிறது’ என்று காட்டும். இருக்கிறது என்று வந்த பெண்ணுக்கு உண்மையிலேயே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? மருத்துவர்களிலேயே பெரும்பாலோர் 75 சதவீதத்தை ஒட்டிச் சொன்னதாக டேவிட் எடி 1982-இல் எழுதினார். 1,000 பெண்களை வைத்து மரம் போட்டுப் பாருங்கள். நோயுள்ள கிளையில் 10 பேர், அவர்களில் 8 பேருக்கு ‘இருக்கிறது’. நோயில்லாத கிளையில் 990 பேர், அவர்களில் 95 பேருக்கு ‘இருக்கிறது’. ஆக 103-இல் 8. எட்டு சதவீதம்கூட இல்லை. ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் இந்த எண்ணிக்கை வழியைப் பற்றி 1995-இலிருந்து ஓயாமல் எழுதிவருகிறார். கசங்கின பஸ் டிக்கெட்டின் முதுகில் போட்டாலும் விடை இதேதான் வரும்.

லேடெக்கர் பஸ் டிக்கெட்டில் போடமாட்டார். டிக்ஸ் என்ற பேக்கேஜைத் திறப்பார். ஜெர்மனியின் டில் டாண்டாவ் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குப் படம் போடத் தொடங்கிய வேலை அது. வளர்ந்து வளர்ந்து, இன்று அதன் கையேடு மட்டும் 1,300 பக்கத்தைத் தாண்டிவிட்டது. லேடெக்கர் அதில் மரங்களைப் பற்றிய அத்தியாயத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடுவதாகச் சொல்லித்தான் ராத்திரி ஒன்பது மணிக்குத் திறப்பார்.

முதல் கம்பைலில் மரம் வரும். நாலு இலை இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருக்கும். நடுவிலிருப்பது மட்டும் கருகியிருக்கும். காரணம் எளிது. டிக்ஸ் தானாக உடன்பிறந்த கிளைகளுக்கு 15 மில்லிமீட்டர் இடைவெளி விடும், எல்லா மட்டத்திலும் அதே 15. அப்பாக்கள் இருவரும் 15 மில்லிமீட்டர் தள்ளி நிற்க, அவரவர் பிள்ளைகளும் 15 தள்ளி நின்றால், அண்ணன் வீட்டு இளையவனும் தம்பி வீட்டு மூத்தவனும் மிகச்சரியாக ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். பங்காளிகள் ஒரே வரப்பில் நின்ற கதைதான். முதல் மட்டத்துக்கு இடைவெளியைக் கூட்டிக் கொடுத்தால் சண்டை தீரும். லேடெக்கர் 30 கொடுப்பார். பிறகு 32. பிறகு 31.

அடுத்து, மரம் மேலிருந்து கீழே வளரக் கூடாது, இடமிருந்து வலமாக வளர வேண்டும் என்று தோன்றும். ‘க்ரோ ஈக்குவல் டு ரைட்’ என்று கொடுப்பார். மரம் திரும்பும். ஆனால் முதலில் எழுதிய ‘மழை’ கீழேயும் அடுத்து எழுதிய ‘மழையில்லை’ மேலேயும் போய் உட்கார்ந்துவிடும். டிக்ஸ் பிள்ளைகளைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் அடுக்குகிறது. வலப்பக்கம் வளரும்போது முதல் பிள்ளைக்குக் கீழ்ப்படிதான். இதற்கு மருந்து ‘க்ரோ’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரே ஒரு ஒற்றை மேற்கோள் குறி. ஈ எச்சம் அளவுதான் இருக்கும். அதைக் கையேட்டில் கண்டுபிடிக்கும்போது பதினொன்றரை ஆகியிருக்கும்.

உள்ளறையிலிருந்து குரல் வரும். "ஏங்க, இன்னும் அந்த மரத்தையா நட்டுக்கிட்டு இருக்கீங்க?"

"கிளை வந்திடுச்சும்மா. இலைதான் பாக்கி."

இலைதான் பெரும்பாடு. ‘மழை’ என்று தமிழில் எழுதியிருக்கிறார் அல்லவா? லேடெக்கின் பழைய வகையான பிடிஎஃப்லேடெக் முதல் எழுத்திலேயே நிற்கும்: யூ+0பிஏஇ, அதாவது ‘ம’ என்ற எழுத்து என்னிடம் இல்லை. சரி என்று ஸீலேடெக்குக்கு மாறுவார். அது எரர் கொடுக்காது. ஆனால் எழுத்து இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். ‘இந்த எழுத்துருவில் ம இல்லை’ என்ற முணுமுணுப்பு லாக் கோப்பின் அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். தமிழ் எழுத்துரு ஒன்றைக் கொடுத்தால் எழுத்து வரும். ஸ்கிரிப்ட் தமிழ் என்று தனியாகச் சொல்லவில்லையென்றால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் நின்று முழிக்கும். இதற்கு நடுவில் எங்கோ ஒரு செமிகோலன் விட்டுப்போக, ‘இந்தப் பாதையைக் கைவிடுகிறேன், செமிகோலன் மறந்துவிட்டதா?’ என்று டிக்ஸ் கேட்கும். அந்த மென்பொருள் நேராகப் பேசுகிற ஒரே இடம் அதுதான்.

இவ்வளவுக்கும் வேறு வழி இல்லாமல் இல்லை. ஸ்லோவேனிய மொழியியலாளர் ஒருவர் வாக்கிய மரங்களுக்காகச் செய்த பேக்கேஜ் இருக்கிறது, பெயர் ஃபாரஸ்ட். கிளைகள் மோதாமல் அதுவே பார்த்துக்கொள்ளும். ரெயின்கோல்டும் டில்ஃபோர்டும் 1981-இலேயே மரத்தை நெருக்கமாகவும் அழகாகவும் அடுக்கும் வழியை எழுதிவிட்டார்கள். லுவாலேடெக்கில் ஓட்டினால் டிக்ஸும் அப்படி அடுக்கும். இதெல்லாம் லேடெக்கருக்குத் தெரியும். தெரிந்துதான் கையால் 31-ஐ 31.5 ஆக்கிக்கொண்டிருப்பார். தானாக வந்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

காலையில் வகுப்புத் திரையில் மரம் ஒளிரும். கோடுகள் மெல்லிசாக, எண்கள் கோட்டின் சாய்வுக்கே சாய்ந்து, இலைகள் வட்டமூலைப் பெட்டிகளில். வகுப்பு அமைதியாகப் பார்க்கும். இரண்டாம் பெஞ்சில் ஒரு பெண் கை தூக்குவாள்.

"சார், மழையும் மழையில்லையும் சேர்ந்தா 1.1 வருது சார்."

வரத்தான் செய்யும். நள்ளிரவில் ஒரு வரியை நகலெடுத்து ஒட்டியபோது 0.6 இருக்க வேண்டிய இடத்தில் 0.7 குடியேறிவிட்டது. செமிகோலனுக்குச் சத்தம் போட்ட மென்பொருள் இதற்கு வாயே திறக்கவில்லை. அச்சுக்கோப்பவனுக்கு எண் சரியா என்பது வேலையில்லை.

வேறு யாராக இருந்தாலும் 7-ஐ அழித்து 6 போட்டிருப்பார்கள். லேடெக்கர் அன்று மாலை மேக்ரோ எழுதுவார். இனி எண்ணைக் கையால் எழுதுவதே இல்லை, 0.4 கொடுத்தால் 0.6-ஐ மரமே கண்டுபிடிக்கும், கிளைகளை மரமே பெருக்கி இலையில் போடும். கம்பைல் செய்தால் மழையும் மறதியும் சேர்ந்த இலையில், 0.28 வர வேண்டிய இடத்தில், 0.27998 என்று வரும்.

இதைப் பிழை என்று சொன்னால் லேடெக்கருக்குக் கோபம் வரும். உலகத்தின் எந்தக் கணினியில் ஓட்டினாலும் பக்கம் மயிரிழை மாறாமல் வர வேண்டும் என்பதற்காக குனூத் நீளங்களை முழு எண்களில் கணக்கிட்டார். ஒரு அச்சுப் பாயிண்ட்டை 65,536 துண்டாக வெட்டினார். ஒளியின் அலைநீளத்துக்குள் அப்படிப்பட்ட துண்டுகள் சுமார் 100 அடங்கும். அந்த நுணுக்கம் பக்கம் அமைக்கப் போதும், மிச்சமும் உண்டு. டிக்ஸ் தன் பெருக்கலையும் அதே நீளங்களில் செய்கிறது, பெருக்கலின் கடைசித் துணுக்கு வெட்டுப்படுகிறது, குடைக்காரரின் நிகழ்தகவில் 0.00002 குறைகிறது. லேடெக்கர் இதை முழு வகுப்பு நேரத்துக்கு விளக்குவார். அந்த விளக்கம், உள்ளபடியே, பேயஸ் தேற்றத்தை விடச் சுவாரசியமாக இருக்கும். தேர்வில் வராது.

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும்போதும் மரத்தை இப்படியே பாலூட்டி வளர்த்து அனுப்புவார். வெளிநாட்டு இதழ்தான், ஆனால் வெளிநாட்டு இதழ்களுக்குப் பக்கம் அமைக்கிற வேலை சென்னையிலும் புதுச்சேரியிலும் திருவனந்தபுரத்திலும் ஷிஃப்ட் ஷிஃப்டாக நடக்கிறது. டெக் பயனர்களின் உலக மாநாடே 2002-இல் திருவனந்தபுரத்தில்தான் நடந்தது. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு இந்த மரம் அன்றைய பக்கக் கணக்கில் ஒரு படம், அவ்வளவுதான். இதழின் எழுத்துரு, இதழின் கோட்டுத் தடிமன், ஒரு பத்தியின் அகலம். மெய்ப்பு திரும்பி வரும்போது 31.5 எங்கே போனதென்று தெரியாது. லேடெக்கர் மெய்ப்பில் குறிப்பு எழுதுவார். மறுமெய்ப்பில் அது ‘கவனிக்கப்பட்டது’ என்று வரும், மரம் அப்படியே இருக்கும்.

மாடல் தேர்வு முடிந்து விடைத்தாள் கட்டு மேசைக்கு வரும். அவர் கொடுத்த விடைக்குறிப்பிலேயே மர வரைபடத்துக்கு 1 மதிப்பெண். பிள்ளைகள் ஸ்கேல் வைத்தும் வைக்காமலும் போட்டிருப்பார்கள். ஒருவன் இடம் போதாமல் கடைசிக் கிளையை ஓரக்கோட்டைத் தாண்டி வளைத்திருப்பான். கூட்டல் சரி, பெருக்கல் சரி, விடை 0.7, சரி. லேடெக்கர் முழு மதிப்பெண் போட்டுவிட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் ‘கிளை இடைவெளி சமமாக இல்லை’ என்று எழுதுவார்.

மறுபார்வைக்கு வாங்கிய துறைத்தலைவி கேட்பார். "இதுக்காக மார்க் குறைச்சிருக்கீங்களா சார்?"

"இல்ல மேடம், சும்மா ஒரு அட்வைஸ்."

"அட்வைஸ் எழுதுங்க சார், வேணாங்கல. முன் பக்கத்துல டோட்டல் போடாம விட்டிருக்கீங்க. முப்பத்தெட்டு பேப்பர்லயும்."