எண்ணூறு அட்டை முட்டை

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் கணக்கெழுதுகிறேன். பதினாறு வருஷமாகிவிட்டதால் ரூபாயில் யோசிக்கிற பழக்கமே போய்விட்டது. யாராவது ஒரு விலை சொன்னால் மனசு அதை ஐந்தால் வகுத்து முட்டையாக்கும், அந்த முட்டையை முப்பதால் வகுத்து அட்டையாக்கும். பண்ணை விலை தினம் ஏறும், இறங்கும்; குடும்பக் கணக்கில் மட்டும் முட்டை என்றைக்கும் ஐந்து ரூபாய்தான். பெரியவளுக்கு எல்.கே.ஜி. ஃபீஸ் கட்டும்போது, "அப்ப எரநூத்தி நாப்பது அட்டைங்களா?" என்று வாய்தவறிக் கேட்டு, பணம் வாங்கிய அம்மணி என்னை ஒரு மாதிரி பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மனைவி, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் செல்போனில் 'குறைந்த செலவில் குடும்பத்தோடு வெளிநாடு' வகை வீடியோக்களாகப் பார்ப்பவள். நானும் எட்டிப் பார்ப்பேன். அதில் வருகிற குழந்தைகள் யாரும் அழுவதில்லை, மூக்கு ஒழுகுவதில்லை, நடுவழியில் "தூக்கு" என்று கையை நீட்டுவதில்லை. வாடகைக் குழந்தைகளாக இருக்கும் என்று சொன்னேன். "ஏனுங்க, போறதுக்கு மனசில்லாட்டி இல்லைன்னு சொல்லுங்க, அடுத்தவங்க பிள்ளையைக் கண்ணு வைக்காதீங்க" என்றாள். அன்று ராத்திரியே பட்ஜெட் முடிவானது: அறுபதாயிரம் ரூபாய். நானூறு அட்டை.

எந்த நாடு? நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டிருந்தார்கள், செலவு குறைவுதான். ஆனால் என் மனைவி ஒகேனக்கல் பரிசலில் ஏறி, பரிசல்காரர் துடுப்பை எடுப்பதற்கு முன்பே வாந்தி எடுத்தவள். இலங்கை போயிற்று. தாய்லாந்து போகலாம், ஆனால் தாய்லாந்துக்கு என்று லீவு கேட்டால் முதலாளி எதற்கு என்று கேட்கவே மாட்டார். அதுதான் பிரச்சினையே. துபாயில் ஒறம்பரை நிறைய. ஒவ்வொரு வீட்டுக்கும் கைநிறையக் கொண்டுபோனால் பண்ணையையே விற்க வேண்டியிருக்கும்.

கடைசியில் வழிகாட்டியது முட்டைதான். 2022 டிசம்பரில் மலேசியாவில் முட்டைத் தட்டுப்பாடு வந்து, நம்மூரிலிருந்து ஐம்பது லட்சம் முட்டை அங்கே போனது. நாமக்கல் முட்டை அந்த நாட்டைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த மாசம் பண்ணைக்காரர்கள் எல்லாருமே கொஞ்சம் மலாய் பேசுகிறவர்கள் மாதிரி நடந்துகொண்டார்கள். அடுத்த வருஷம் டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு முப்பது நாள் வரை விசா வேண்டாம் என்று மலேசியா அறிவித்தது. முட்டைக்கே ஆரோக்கியச் சான்று கேட்கிறார்கள், நமக்கு அதுவும் இல்லை. முட்டை போன பாதையில் நாமும் போவது என்று தீர்மானித்தோம்.

இங்கே எங்கள் தொழிலில் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். முட்டைக்கு ஒரு விலை அறிவிப்பார்கள். வியாபாரி வந்து அதில் இருபது காசு, முப்பது காசு குறைத்துத்தான் எடுப்பார். இதற்கு 'மைனஸ்' என்று பேர். பண்ணைக்காரர்களின் ரத்தக்கொதிப்புக்கு உப்பு காரணமல்ல, மைனஸ்தான். விமான டிக்கெட் இதற்கு நேர் எதிர். அறிவித்த விலையோடு எதையாவது கூட்டிக்கொண்டே போவார்கள். பெட்டிக்குப் பிளஸ், சாப்பாட்டுக்குப் பிளஸ், அம்மாவும் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் அதற்கும் பிளஸ். ஏழு வயசுப் பெண்ணைத் தனியாக ஏழாவது வரிசையில் உட்கார வைத்தால் மிச்சம்தான். ஆனால் அவள் பக்கத்தில் இருப்பவரிடம் நம் வீட்டுக் கடன் விவரம் முழுவதையும் சொல்லிவிடுவாள்.

அப்புறம் வயசு. நம்ம கவர்மெண்ட் பஸ்ஸில் ஐந்து வயசு வரை பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. அதற்கு மேலும், பல் விழுந்து முளைத்த பையனை "நாலரைதாங்க" என்று மடியில் அமுக்கி உட்கார வைக்கிற தாய்மார்களைக் கண்டக்டர்கள் பெருந்தன்மையோடு கண்டுகொள்ளாமல் போவதுண்டு. விமானத்தில் இரண்டு வயசோடு தாட்சண்யம் தீர்ந்தது. திரும்பி வரும் நாளில் இரண்டு நிரம்பியிருந்தாலும் தனி சீட். எங்கள் சின்னவனுக்கு அக்டோபரில் இரண்டு முடிகிறது. காலாண்டு லீவைப் பிடித்து, அவன் பிறந்தநாளுக்கு நாலு நாள் முன்னால் நாமக்கல் மண்ணை மிதிக்கிற மாதிரி திட்டம் போட்டேன். ஒரு குழந்தையின் பிறந்தநாளைப் பார்த்து நான் இவ்வளவு பயந்ததில்லை.

பாஸ்போர்ட்டுக்குச் சேலம் தபாலாபீஸ். நாலு வயசுக்குக் கீழே என்றால் போட்டோவை நாமே கொண்டுபோக வேண்டும்: வெள்ளைப் பின்னணி, கண் திறந்திருக்கணும், பிடித்துக்கொண்டிருக்கும் கை தெரியக்கூடாது. சின்னவனுக்கு அப்போதுதான் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தியிருந்தது. ஸ்டுடியோக்காரர் கிலுகிலுப்பை ஆட்டி, காக்கா மாதிரிக் கத்தி, கடைசியில் ஃபேனை நிறுத்திவிட்டு எடுத்தார். வந்த படத்தில் அவன் காதில் ரத்தம் வந்த கோபம் அப்படியே இருந்தது. சிறுபிள்ளை பாஸ்போர்ட் ஐந்து வருஷம் செல்லும். ஐந்து வருஷத்துக்கு எந்த நாட்டு அதிகாரி பார்த்தாலும் இந்தியாவிலிருந்து ஒரு சின்ன ரவுடி வந்திருப்பதாகத்தான் நினைப்பார்.

"நீயும் வாம்மா" என்று அம்மாவைக் கூப்பிட்டேன். "பாஸ்போர்ட்டு எதுக்குச் சாமி எனக்கு? ஆதாரே பொட்டி அடியில கெடக்குது" என்று சொல்லிவிட்டு, மூட்டை கட்ட உட்கார்ந்துவிட்டாள். கையில் ஆளுக்கு ஏழு கிலோ. சத்துமாவு, பருப்புப்பொடி, எள்ளுருண்டை, சேலத்துத் தட்டுவடை எல்லாம் வைத்து நிறுத்துப் பார்த்தால் துணிக்கு மிச்சமிருந்தது ஒண்ணேகால் கிலோ. தீவனம் நிறுக்கிற தராசு என்பதால் சந்தேகத்துக்கே இடமில்லை.

வழியனுப்ப வரவேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். அதனால் பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள். டெம்போ டிராவலர் வாடகை நாற்பது அட்டை. தொட்டியம், முசிறி வழியாகக் காவிரியை ஒட்டியே திருச்சி. அந்த வருஷம்தான், 2024 ஜூனில், புது விமான முனையம் புழக்கத்துக்கு வந்திருந்தது. ஸ்ரீரங்கத்துக் கோபுர வண்ணமும் சித்திரமுமாக ஜொலித்தது. பெரியவள் வாசலில் நின்று, "அப்பா, செருப்பை எங்க உடறது?" என்றாள். பின்னால் வந்த பெரியம்மா ஏற்கெனவே ஒரு காலைக் கழற்றியிருந்தார்.

குடியேற்ற கவுண்டரில் என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இனிஷியலை விரித்து எழுதியதில் அவர்தான் என் குடும்பப் பெயராகியிருந்தார். வாழ்நாளில் ஒரு தடவைகூட ரயிலேறாத மனுஷர். சட்டென்று திரும்பிப் பார்த்தேன். அதிகாரி அடுத்துச் சின்னவனின் பாஸ்போர்ட்டைத் திறந்து, படத்தில் இருந்த மொட்டையையும் எதிரில் இருந்த சுருட்டை முடியையும் மாறி மாறிப் பார்த்தார். அவன் அதே கோபத்தோடு அவரை முறைத்தான். முத்திரை விழுந்தது.

நாலு மணி நேரப் பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: எங்கள் முன் சீட்டுக்காரர் இறங்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

கோலாலம்பூரில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஊர்க் காசு. ஒரு ரிங்கிட் அப்போது இருபது ரூபாய், அதாவது கச்சிதமாக நாலு முட்டை. இவ்வளவு வசதியான நாணயத்தை நான் பார்த்ததில்லை. மற்றதெல்லாம் சங்கடம்தான். ஐஸ்கிரீம் எட்டு ரிங்கிட் என்றதும், "ஓரட்டையும் ரெண்டு முட்டையும்" என்று முனகினேன். "அதைச் சொல்லாம வாங்கிக் குடுங்க" என்றாள் மனைவி. அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் விடிகிறது. நாங்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டோம். சின்னவன் மட்டும் கடைசி வரைக்கும் நாமக்கல் நேரத்திலேயே இருந்தான். ஊர் அடங்கிய நடுராத்திரியில் அவனுக்கு ஒன்பதரை மணி, விளையாட்டு நேரம்.

இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். மேலே போய்ப் பார்க்கக் கட்டணம் உண்டு; அண்ணாந்து பார்க்க இல்லை. அதன் அடிவாரத்துப் பூங்காவில் குழந்தைகள் இறங்கி விளையாட முழங்கால் ஆழத்துக்கு ஒரு குளம் கட்டிவிட்டிருக்கிறார்கள், அதுவும் இலவசம். என் பிள்ளைகள் அதில் இறங்கியதோடு மலேசியா முடிந்துவிட்டது. அடுத்து எதையும் பார்க்க மாட்டேன் என்றார்கள். முதலில் எனக்கு வயிற்றெரிச்சல். தண்ணியில் கால் நனைக்கவா இவ்வளவு தூரம்? மோகனூர்க் காவிரியில் இல்லாத தண்ணியா? அப்புறம்தான் கணக்குப்பிள்ளை புத்தி விழித்தது. கோழிக்கு ஒரு நாளைக்கு நூற்றிப்பத்து கிராம் தீவனம் போட்டால் என்ன வருகிறது என்று பார்க்கிற மாதிரி, மொத்தச் செலவைப் பிள்ளைகள் சிரித்த மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தேன். குளத்தில் இருக்க இருக்க விலை விழுந்துகொண்டே வந்தது. மறுநாளும் அங்கேயே கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் அவர்களுக்கு அலுத்துவிட்டது, எனக்கு அலுக்கவில்லை.

அன்று சாயங்காலம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மளிகைக்கடை. தமிழ்க்காரர் கடை. பால் வாங்கப் போனவன் முட்டை அடுக்கியிருந்த இடத்தில் நின்றுவிட்டேன். எல்லாம் பழுப்பு ஓடு. "அப்பா, நாட்டுக்கோழி முட்டை!" என்றாள் பெரியவள். ஓட்டின் நிறம் கோழி இனத்தைப் பொறுத்தது, சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரு பிரசங்கம் பண்ணினேன். ஒன்றை எடுத்துக் குலுக்கினேன், வெளிச்சத்தில் பிடித்தேன், ஓட்டைத் தடவினேன். கடைக்காரர் பக்கத்தில் வந்து, "அண்ணே, முட்டை வாங்கணுமா, ஜாதகம் பார்க்கணுமா?" என்றார். ஊரைச் சொன்னேன். "நாமக்கல்லா! கொஞ்ச நாள் முந்தி இங்க முட்டைக்கு அடிதடி. உங்க ஊரு பேரு டிவியில வந்துச்சு லா" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பாலுக்குக் காசு வாங்கவில்லை. அந்தப் பயணத்தில் கிடைத்த ஒரே மைனஸ் அதுதான். ரசீது இல்லாததால் கணக்கில் எழுத முடியவில்லை என்பது தனி வருத்தம்.

பத்துமலைக்குக் கே.எல். சென்ட்ரலிலிருந்து ரயில், ஆளுக்கு மூன்று ரிங்கிட்டுக்குள். இறங்கியதும் முதலில் எதிரே நிற்பவர் ஆஞ்சநேயர். பச்சை நிறம், ஐம்பது அடி. நாமக்கல்லில் கூரையே வேண்டாமென்று வெயிலிலும் மழையிலும் நிற்கிறவர் பதினெட்டு அடிதான். வெளிநாடு வந்தால் எல்லாருக்கும் உடம்பு போட்டுவிடுகிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் முருகன். தங்க வண்ணத்தில் 140 அடி. 2006 ஜனவரியில் திறந்தது. முந்நூறு லிட்டர் தங்க வண்ணம் பூசினார்களாம். லாரி பாடி கட்டுகிற பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் என் மச்சானுக்கு அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னேன். "எத்தனை கோட்டு மாமா?" என்றான். பெரியவள் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஊருக்கே கேட்கிற குரலில், "ஏப்பா, நம்மூரு முருகன் இதைவிடப் பெருசுதானே?" என்றாள்.

உண்மை. சேலம் மாவட்டத்தில் வாழப்பாடியைத் தாண்டிப் புத்திரகவுண்டன்பாளையத்தில் நிற்கும் முத்துமலை முருகன் 146 அடி. 2022 ஏப்ரலில் கும்பாபிஷேகம். இரண்டையும் செய்தவர் ஒரே ஸ்தபதி, திருவாரூர் தியாகராஜன். கும்பாபிஷேகம் முடிந்த மறுவாரம் மாமனார் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு, பொங்கல் சாப்பிட்டுவிட்டு வந்தோம். மொத்தச் செலவு பூவும் தேங்காயும், முக்கால் அட்டை. இப்போது கடல் தாண்டி வந்து ஆறடி குறைச்சலாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற மலேசியாக்கார அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஆறடிதானே பாப்பா" என்றார் விட்டுக்கொடுக்காமல்.

படிகள் 272. சின்னவன் என் தோளில். திருச்செங்கோட்டு மலையில் ஆயிரத்துச் சொச்சம் படி ஏறிய கால், அதனால் பயமில்லை. நடுவில் ஒரு குரங்கு மனைவியின் பையிலிருந்து தட்டுவடையை உருவி, ஒரு கடி கடித்துவிட்டு, பூண்டுச் சட்னி எங்கே என்கிற மாதிரி எங்களைப் பார்த்தது. மேலே போய்ச் சேர்ந்ததும் பெரியவள் அழ ஆரம்பித்தாள். "எரநூத்தி எழுவத்திரெண்டுன்னு சொன்னீங்க. எனக்கு எரநூத்தி அறுவத்தெட்டுதான் வந்துச்சு. நாலு படியைக் காணோம்." கணக்குப்பிள்ளை பெற்ற பிள்ளை, என்ன சமாதானம் சொல்வது? அவளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி, ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு மறுபடி ஏறினேன். 271 வந்தது. ஒரு படி வித்தியாசத்தை இருவரும் பேசி, குரங்கு கணக்கில் எழுதினோம்.

திரும்பும்போது இருபத்திநாலு கோடாலித் தைலம் வாங்கினோம். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் கோடாலித் தைலம் இல்லாமல் நாமக்கல் எல்லையில் நுழைய முடியாது. வீட்டில் வந்து கணக்கை முடித்தேன். ஒரு லட்சத்து இருபதாயிரம். எண்ணூறு அட்டை. போட்ட பட்ஜெட்டுக்குச் சரியாக இரண்டு மடங்கு. இத்தனை துல்லியமாகத் தப்புவதற்கும் ஒரு திறமை வேண்டும்.

அம்மா போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்புறம் சுருக்குப்பையைத் திறந்து ஒரு கற்றைச் சீட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். எல்லாம் மகளிர் கட்டணமில்லாப் பயணச் சீட்டு.

"நீங்க போன மறாநாள், நானும் எதுத்தூட்டு அக்காளும் டவுன் பஸ்ஸா மாறி மாறி முத்துமலை முருகனைப் பார்த்துட்டு வந்துட்டோம். நடுவுல ஒரு எடத்துல மட்டும் டவுன் பஸ்ஸு இல்ல. காசு குடுத்துட்டோம்."

"எவ்வளவும்மா?"

"உன் கணக்குல ஆளுக்கு நாலு முட்டை." எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுக் கோடாலித் தைலத்தைத் திறந்தாள். "ஆமா, நீ பார்த்த முருகன் எத்தனை அடி?"

"நூத்தி நாப்பது."

அம்மா முழங்காலில் தைலத்தை நிதானமாகத் தேய்த்தாள். "செரி உடு சாமி," என்றாள், "அதுவும் முருகன்தானே."