வெறுங்கிளையியல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

பறவைகளைப் படமெடுக்கும் பொழுதுபோக்கில் மிகுதியாக எடுக்கப்படுவது மயிலும் அன்று, மீன்கொத்தியும் அன்று, வெறுங்கிளை. மெமரி கார்டுதோறும் நிறைந்து கிடக்கும் இந்தப் படங்களுக்கு முறையான இலக்கணம் இல்லாத குறையைப் போக்கவே இக்கட்டுரை.

பறவை இருந்ததும், எடுப்பவர் அதைப் பார்த்ததும், பொத்தான் அழுத்தப்பட்டதும் உண்மையாயிருக்க, படத்தில் கிளை மட்டும் விழுவது வெறுங்கிளை எனப்படும். கிளை ஆடிக்கொண்டிருந்தால் சிறப்பு. ஓரத்தில் வால் தெரிந்தால் அது வேறு இனம். திணைப் பாகுபாட்டில் இதன் இடம் தெளிவானது. முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் படத்தில் உண்டு. கருப்பொருள்களில் மரம் உண்டு, புள் இல்லை. உரிப்பொருளோ ஐயத்துக்கிடமின்றிப் பிரிவு. ஆகவே பள்ளிக்கரணைச் சதுப்பின் கரையில் நின்று எடுத்தாலும் இது பாலைத்திணையே.

காரணம் கேட்டால் எல்லோரும் லென்ஸைக் கைகாட்டுவார்கள். 400 மி.மீ. வைத்திருப்பவர் 600 இல்லாத குறை என்பார். 600 வைத்திருப்பவர் அதன் எடையைச் சொல்வார். இரண்டும் ஏற்கத்தக்கன அல்ல. சிறகடிப்பை உறையவைக்க ஷட்டர் ஒரு நொடியின் 3,200இல் ஒரு பங்கு நேரம் திறந்தால் போதும். அதைத் திறக்கவேண்டிய விரலோ, கண் கண்டபின் அசைவதற்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஏறக்குறைய 640 மடங்கு தாமதம். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கருவியில் இந்த ஓர் உறுப்பு மட்டும் பிறப்பிலேயே இலவசமாக வந்தது என்பதை ஒருவரும் கவனிப்பதில்லை. பறவை இருந்தவரை முன்னால் ஆடும் இலையில் போய் ஒட்டிக்கொண்ட ஃபோக்கஸ், அது போனபின் பட்டையின் வெடிப்புகூடத் தெரியும்படி கிளையில் துல்லியமாக வந்து அமர்வது தனி ஆய்வுக்குரியது.

படத்தை வீட்டில் காட்டும்போது அளவை நூலின் துணை தேவைப்படும். காண்டலால் அறியப்படுவது கிளை. அதன் ஆட்டத்திலிருந்து கருதலால் அறியப்படுவது பறவை. அது அரசவால் ஈப்பிடிப்பான் என்பது உரையளவை. வீட்டார் பெரும்பாலும் காண்டலோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

படச்சுருள் காலத்தில் 36 படத்துக்கு ஒரு சுருள். வெறுங்கிளையையும் காசு கொடுத்தே கழுவ வேண்டும். பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தமக்கென ஒரு கருவி அமைத்துக்கொண்டு, கருப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படமெடுத்த மா. கிருஷ்ணன் (1912–1996) அந்தச் சிக்கனத்தில் வளர்ந்தவர். இன்று நொடிக்கு 20 படம். மூன்று நொடி அழுத்தினால் அறுபது. அவற்றில் முதல் இரண்டில் பறவை இருந்தாலே பெரும்பேறு.

இத்துறையில் முதுநிலை எய்தியோர் வெறுங்கிளையையே நாடிச் செல்வர். பஞ்சுருட்டானும் கரிச்சானும் பூச்சியைப் பிடித்தபின் பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்பும். எச்சம் பட்டு வெளுத்த கொம்பு நல்ல அடையாளம். அங்கே குறிவைத்துக் காத்திருந்தால் படம் உறுதி. ஆனால் பஞ்சுருட்டான் திரும்பிவந்து தட்டானைக் கிளையில் அடித்துத் துவைக்கும் அந்த நேரத்தில், படமெடுப்பவர் குனிந்து, சற்றுமுன் எடுத்த வெறுங்கிளையைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பறக்கும் படம் வேண்டிக் கல்லெறிந்து கிளப்புவோர், கூட்டை மறைத்த தழையை ஒடித்துக் காகத்துக்கு வழிகாட்டுவோர் ஆகியோரின் வெறுங்கிளைகளை இவ்வாய்வு ஏற்கவில்லை. அவை படமல்ல, தடயம்.

களப்பணிக்குச் சற்றும் ஒவ்வாத இடம் வேடந்தாங்கல். அங்குள்ள பறவைகளைச் சுடக் கூடாதென்று 1798இலேயே செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் ஊரார் எழுத்து வாங்கிவிட்டார்கள். அதன் பயனாக, பருவத்தில் ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைக்குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பறவை எழுந்தால் அந்த இடத்துக்கு இரண்டு சண்டையிடும்.

புதிய கேமராக்களால் துறைக்கே ஆபத்து என்றொரு பேச்சு உண்டு. பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருந்தால், முழுதாக அழுத்துவதற்குச் சற்று முந்தைய படங்களையும் அவை சேர்த்துத் தந்துவிடுகின்றன. விரலின் தாமதம் இனிப் பொருட்டல்ல என்கிறார்கள். இவர்கள் வக்காவை அறியாதவர்கள். பகலெல்லாம் கழுத்தை ஒடுக்கி அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவை அது. பாதி அழுத்திய விரல் மரத்துப்போய், கையை எடுத்து ஒருமுறை உதறும்போதுதான் பொழுது சாய்ந்தது வக்காவுக்கு நினைவு வரும்.