கிலோமீட்டருக்கு நாலு ரூபாய்

எங்கள் ஆபீஸ் எச்.ஆர். சிரிக்கும் பொம்மை போட்டு மெயில் அனுப்பினால் யாருக்கோ எதுவோ போகப்போகிறது என்று அர்த்தம். போன வருஷம் இலவசக் காபி போனது. இந்த முறை போனது என் முழங்கால்.

நடந்தோ சைக்கிளிலோ வேலைக்கு வந்தால் கிலோமீட்டருக்கு நாலு ரூபாய். மாதத்தில் அதிக தூரம் வருகிறவருக்குத் தனிப் பரிசு. கூட்டம் போட்டு, விளக்கை அணைத்துப் படமெல்லாம் காட்டினார்கள். நெதர்லாந்தில் ஜனத்தொகையைவிட சைக்கிள் அதிகமாம். சைக்கிளில் வேலைக்கு வருகிறவருக்கு முதலாளி கிலோமீட்டருக்கு 23 சென்ட் வரை வரியில்லாமல் தரலாம் என்று 2024 முதல் அங்கே விதியாம். இத்தாலியில் பாரி என்ற ஊர் 2019இல் சைக்கிளில் வேலைக்குப் போன தன் ஜனங்களுக்குக் கிலோமீட்டருக்கு 20 சென்ட் கொடுத்ததாம், மாதம் 25 யூரோவுக்கு மிகாமல்.

இருட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நங்கநல்லூரிலிருந்து கிண்டி ஆறு கிலோமீட்டர். போக வரப் பன்னிரண்டு. டச்சுக்காரனாகப் பிறந்திருந்தால் தினம் 240 ரூபாய்க்கு மேல். இங்கே 48.

வீட்டில் சொன்னேன். "அந்த ஊர்ல மேடே கிடையாதாம்ங்க. நீங்க நம்ம தெரு ஸ்பீடு பிரேக்கருக்கே மூச்சு வாங்குறீங்க" என்றாள் மனைவி.

அப்பா தபால்காரராக இருந்து ரிட்டயரானவர். "சைக்கிள் அலவன்ஸா? அதெல்லாம் நாங்க அந்தக் காலத்துலயே வாங்கியாச்சு" என்றார். உண்மைதான். அரசாங்கத்தில் அப்படி ஒரு படி இன்னும் இருக்கிறது. ஏழாவது சம்பளக் கமிஷன் அதை ஒழித்துவிடலாம் என்றது. அரசு கேட்கவில்லை. 2017இல் தபால், ரயில்வே ஊழியர்களுக்கு மாதம் 90 ரூபாயாக இருந்ததை 180 ஆக்கியது. அப்பாவுக்கு அந்த உயர்வு கிடைக்கவில்லை. அதைவிடப் பெரிய வருத்தம் அவருக்கு நான் சைக்கிள் வாங்குவதில் இருந்தது.

"சைக்கிள்லேருந்து டிவிஎஸ் 50க்கு மாற எனக்குப் பதினாறு வருஷம் ஆச்சுடா. அந்த வண்டி வாங்கினப்புறம்தான் உங்க அம்மாவைப் பெத்தவர் என்னை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். நீ ஒரே நாள்ல எல்லாத்தையும் கவுத்துட்டியே."

கவிழ்ந்துதான் போனது. புது சைக்கிளோடு லிஃப்ட்டில் இறங்கிய என்னைப் பார்த்த அபார்ட்மெண்ட் பொருளாளர் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். "ஏதாவது பிரச்சினையா சார்? மெயின்டெனன்ஸை அடுத்த மாசம் குடுத்தாக்கூடப் போதும்." மாமியார் போன் செய்து மகளிடம் மட்டும் தனியாகப் பேசினார்.

சைக்கிள் விலை பதினாலாயிரம். நாளுக்கு 48 ரூபாய் வீதம் முதல் திரும்ப 292 வேலைநாள் ஆகும். ஒரு நாள்கூட மழை பெய்யக்கூடாது.

முதல் நாள் ஆலந்தூர் வரை ராஜாவாகப் போனேன். அப்புறம் கத்திப்பாரா. 2008இல் திறந்த மேம்பாலம். மேலிருந்து எடுத்த படத்தில் அழகான சிக்குக் கோலம் மாதிரி இருக்கும். சைக்கிளோடு உள்ளே போன பிறகுதான் அந்தக் கோலத்தில் மாட்டிய எறும்பின் மனநிலை புரிந்தது. மாநகரப் பேருந்து ஒன்று என் காதருகில் ஹாரன் அடித்ததில், வாழ்க்கையில் முதல் முறையாகப் பத்து நிமிஷம் முன்னதாக ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன்.

கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் தடுத்தார். "காருக்கு நீல டோக்கன், டூவீலருக்கு மஞ்சள் டோக்கன். சைக்கிளுக்கு டோக்கன் இல்ல சார்."

"இதுவும் டூவீலர்தானே அண்ணே?"

"நம்பர் பிளேட் இல்லியே சார்."

எச்.ஆருக்குப் போன் போட்டேன். அட்மினைக் கேள் என்றார்கள். அட்மின் எச்.ஆரைக் கேள் என்றது. கடைசியில் அண்ணனே மனசு இரங்கி ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் ஓர் இடம் காட்டினார். அங்கே ஏற்கெனவே ஒரு பழைய ஹெர்குலிஸ் நின்றுகொண்டிருந்தது. யாருடையது என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம் வேர்வை. டச்சுக்காரன் படத்தில் கோட்டு போட்டுக்கொண்டு சைக்கிள் விடுகிறான். சென்னையில் மே மாதம் எட்டரை மணிக்குச் சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு தேறும். எங்கள் ஆபீசில் குளியலறை கிடையாது. லிஃப்ட்டில் நான் ஏறினேன். இரண்டு பேர் படியேறிப் போனார்கள். அவர்களுக்கும் உடற்பயிற்சி ஆயிற்று, அதற்கு எனக்குத் தனியாக எதுவும் தரவில்லை. பசி வேறு. முன்பெல்லாம் வீட்டு இட்லி நாலோடு நிறுத்தியவன், பொங்கல், வடை, காபி என்று தினம் 110 ரூபாய்க்குச் சாப்பிட ஆரம்பித்தேன். 48 ரூபாய் சம்பாதிக்க 110 ரூபாய் செலவு.

நடக்கிறவர்கள் கதை வேறு. அக்கவுண்ட்ஸ் அம்மா ஒருவர் ஈக்காட்டுத்தாங்கலில் குடியிருக்கிறார். "நான் நடக்கறேன் சார், நடைபாதை எங்கேன்னு காட்டுங்க" என்றார். அவர் வழியில் இருக்கும் நடைபாதையில் ஒரு டிரான்ஸ்பார்மர், ஒரு டிபன் வண்டி, மூடியில்லாத ஒரு பள்ளம் ஆகியவை முறையாகக் குடியேறிவிட்டன.

தூரத்தை அளக்க ஓர் ஆப். போனைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தால் அடி எண்ணும். முதல் மாதம் எல்லாரையும் தோற்கடித்தவர், கார் இல்லாமல் கார்டன் வரைக்கும் போகாத ஒரு சீனியர். எப்படி என்று பிறகு தெரிந்தது. வீட்டில் கைக்குழந்தை. போனைத் தொட்டில் கயிற்றில் கட்டிவிட்டிருக்கிறார். ராத்திரியெல்லாம் ஆட்டியதில் ஒரு நாளைக்குப் பத்தொன்பதாயிரம் அடி. இன்னும் தவழக்கூட ஆரம்பிக்காத குழந்தை எங்கள் ஆபீசின் சிறந்த நடையாளர் ஆயிற்று. பரிசு என்ன தெரியுமா? ஆயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல் கார்டு. தீபாவளிக்கு வாங்கியதில் மிச்சம் இருந்ததாம்.

இதற்கிடையில் அட்மின் நண்பர் ஒரு ரகசியம் சொன்னார். அடித்தளத்தில் ஒரு கார் நிற்கும் இடத்துக்குக் கட்டட உரிமையாளருக்கு மாதம் மூவாயிரத்துச் சொச்சம் வாடகை போகிறது. நான் ஓடாய்த் தேய்ந்து மிதித்தால் மாதம் ஆயிரத்தைத் தொடுவேன். காரில் வருகிறவர் சும்மா வந்து நிறுத்தினாலே மூவாயிரம்! அவருக்குக் கொடுப்பதற்குப் பெயர் வசதி, எனக்குக் கொடுப்பதற்குப் பெயர் ஊக்கம். அமெரிக்காவில் டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் வாழ்நாளெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கலிபோர்னியாவில் 1992லேயே சட்டம் வந்தது. ஊழியர் கார் நிறுத்த வாடகை கட்டுகிற பெரிய கம்பெனி, அந்த இடம் வேண்டாம் என்கிறவருக்கு அந்தப் பணத்தைக் கையில் தர வேண்டும். இதை எழுதி எச்.ஆருக்கு அனுப்பினேன். சிரிக்கும் பொம்மையோடு பதில் வந்தது: பாலிசியில் இல்லை.

மூன்றாவது மாதம் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். போதிய ஆர்வம் இல்லையாம். கடைசி நாள் ஜெனரேட்டர் ரூம் பக்கம் போனபோதுதான் அந்த ஹெர்குலிஸ் யாருடையது என்று தெரிந்தது. செக்யூரிட்டி அண்ணன் பெடலில் கால் வைத்துக் கிளம்பிக்கொண்டிருந்தார். வீடு பம்மல். போக வர இருபத்திரண்டு கிலோமீட்டர். ஒன்பது வருஷமாக வருகிறார்.

"நீங்க ஏன் அண்ணே இந்தத் திட்டத்துல பேர் குடுக்கல?"

"நாங்க கான்ட்ராக்ட் சார். அது ஸ்டாஃபுக்கு மட்டும்னாங்க."

அன்று ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். இருபத்திரண்டு கிலோமீட்டர், நாலு ரூபாய். நாளுக்கு 88. வருஷத்துக்கு முந்நூறு நாள் என்று வைத்தாலும் ஒன்பது வருஷத்துக்கு 2,37,600 ரூபாய். எச்.ஆர். குறித்துக்கொள்ளவும். பெட்ரோல் கார்டாக வேண்டாம்.