கெண்டைக்கு மெனு எழுதுகிறவர்

இங்கிலாந்தில் கெண்டை பிடிக்கிறவருடைய வீட்டை வாசலில் நின்று அடையாளம் காண முடியாது. ஃப்ரீசரைத் திறந்து பார்க்க வேண்டும். பட்டாணியும் குழந்தைகளின் ஐஸ்கிரீமும் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். மிச்ச இடமெல்லாம் கோலிக்குண்டு அளவில் மாவு உருண்டைகள், கிலோக் கணக்கில், பை பையாக. ஒவ்வொரு பையிலும் மார்க்கர் பேனாவால் மாதம் எழுதியிருக்கும். மார்ச், ஏப்ரலுக்கு ஸ்ட்ராபெரியும் பாலாடையும். ஜூன் பிறந்தால் கணவாய், நண்டு, மீன் தூள். அக்டோபரில் ஈரலும் கொட்டை வகைகளும். குளிர் இறங்கியதும் அன்னாசி, ஆரஞ்சு, கூடவே மிளகு, கிராம்பு. தனக்கென்று அவர் குளக்கரைக்குக் கொண்டுபோவது ஒரு டின் பீன்ஸும் நேற்றைய சாண்ட்விச்சும்தான். பருவத்துக்கு ஒரு சமையல் என்பதெல்லாம் மீனுக்கு மட்டும். அதுவும் சாப்பிடப்போகிற மீன் இல்லை. எடை போட்டு, படம் எடுத்து, முள் குத்திய உதட்டில் மருந்து தடவி, திரும்பக் குளத்திலேயே விடப்போகிற மீன். இந்தப் பஞ்சாங்கத்தின் மேல் அவருக்குள்ள பக்தி சாமானியமானதல்ல. ஜூலை மாதம் அன்னாசி போட்டு ஒரு பெரிய மீன் சிக்கினால், அன்னாசி கோடையிலும் எடுபடுகிறது என்று எடுத்துக்கொள்ள மாட்டார். அந்த மீனுக்கு ஏதோ கோளாறு என்பார்.

இந்தப் பஞ்சாங்கத்தை மீனுடைய நாக்கைப் பார்த்து யாரும் கணிக்கவில்லை, ஆங்கிலேயருடைய நாக்கைப் பார்த்துக் கணித்திருக்கிறார்கள் என்பதே என் கட்சி. கோடையில் கடற்கரைக்குப் போய் நண்டு தின்கிறவர்கள் யார்? இலையுதிர் காலம் வந்ததும் கனமாக எதையாவது தின்று குளிருக்குத் தயாராகிறவர்கள் யார்? கிறிஸ்துமஸ் நெருங்கும்போது வீட்டில் ஆரஞ்சும் கிராம்பும் மணக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் யார்? சேற்றைக் கிளறிப் புழுவையும் நத்தையையும் பொறுக்கித் தின்கிற ஒரு மீனுக்கு டிசம்பர் மாதம் கிராம்பு ஞாபகம் வர ஒரு நியாயமும் இல்லை.

அதற்காக இவரை விவரமில்லாதவர் என்று தள்ளிவிட முடியாது. பருவத்துக்கும் கெண்டையின் பசிக்கும் தொடர்பு உண்டு. அதில் அவர் சொல்வது சரி. தண்ணீரின் சூடு எதுவோ அதுதான் மீனின் உடம்புச் சூடு. தண்ணீர் குளிரக் குளிர உள்ளே எல்லாமே மந்தமாகும். 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் கெண்டை சாப்பிடுவது வெகுவாகக் குறைந்துவிடும். அதற்கு இரைப்பை என்று தனியாக ஒன்று கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் அரைத்தது நேரே குடலுக்குப் போகும். குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டு உருண்டைக்குள்ளேயே தங்கிவிடும் என்பதும், கிளிசரினிலோ ஆல்கஹாலிலோ கரைத்த வாசனை அதைவிடச் சுலபமாகத் தண்ணீரில் பரவும் என்பதும் உண்மையே. சரி, இவற்றிலிருந்து என்ன கிடைக்கிறது? குளிர்காலத்தில் கொஞ்சமாகப் போடு, எண்ணெயைக் குறை, கரைவதாகப் பார்த்துப் போடு. அவ்வளவுதான். இதில் அன்னாசி எங்கிருந்து வந்தது? ஏன் ஏலக்காயாக இருக்கக்கூடாது? கேட்டால் மறுபடி தண்ணீரின் சூட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். பாதி உண்மை கையில் இருக்கிறவரோடு வாதாடுவது சிரமம். அந்தப் பாதியை முன்னால் அனுப்பிவிட்டு, அதன் முதுகுக்குப் பின்னாலேயே மறுபாதியையும் உள்ளே கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். அன்னாசியோடு பியூட்டிரிக் அமிலம் சேர்ப்பது வேறு அங்கே ஒரு மரபு. ஊசிப்போன வெண்ணெயின் நாற்றத்துக்குக் காரணமான அமிலம் அது. அந்தக் குப்பி ஒரு தடவை காருக்குள் கவிழ்ந்துவிட்டால், குடும்பத்தார் அந்தக் காரில் ஏறுவது அத்துடன் நின்றுவிடும்.

சரித்திரம் இவருக்குச் சாதகமாக இல்லை. 1653-இல் வெளியான ஐசக் வால்டனின் தூண்டில் புத்தகத்திலேயே கெண்டைக்கான பிசையல் உண்டு: முயல் அல்லது பூனை இறைச்சி, மாவு, சர்க்கரை அல்லது தேன். அதில் மாதக் கணக்கு ஏதும் இல்லை; பூனைகளுக்குத்தான் எல்லா மாதமும் ஆபத்து. ஹெரிஃபோர்ட்ஷயரில் ரெட்மயர் என்ற சின்னக் குளத்தில் 1952 செப்டம்பரில் ரிச்சர்ட் வாக்கர் 44 பவுண்டு, அதாவது 20 கிலோ, எடையுள்ள கெண்டையைப் பிடித்தார். நாட்டின் சாதனை அது. அந்த மீன் லண்டன் விலங்கியல் பூங்காவில் பல வருஷம் வாழ்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் தரிசனம் கொடுத்தது. அதற்கு வாக்கர் கொடுத்த இரை, ரொட்டி. அதே குளத்தில் 1980 ஜூன் 16-ஆம் தேதி, மீன்பிடிப் பருவம் திறந்த முதல் நாளே, கிறிஸ் யேட்ஸ் 51 பவுண்டு 8 அவுன்ஸில் அதையும் மிஞ்சினார். அவர் போட்டது ஸ்வீட்கார்ன். மளிகைக்கடையில் டப்பாவில் விற்கிற சரக்கு. இரண்டு சாதனைக்கும் நடுவிலேதான், கெண்ட் பகுதியைச் சேர்ந்த பிரெட் வில்டன் போன்றவர்கள் முட்டையும் பால் புரதமும் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, வேகவைத்தெடுக்கும் பாய்லி உருண்டையை வளர்த்தெடுத்தார்கள். வெந்த தோல் கெட்டியாக இருப்பதால் பொடி மீன்களால் கொத்த முடியாது. வில்டனுடைய கவலை வாசனையைப் பற்றியதல்ல, சத்தைப் பற்றியது. நல்ல சாப்பாட்டைக் கெண்டை உணர்ந்து தேடி வரும் என்பது அவர் கொள்கை. அதன் பிறகு வந்தவர்கள்தான் சத்தை ஓரமாக வைத்துவிட்டு வாசனைக் குப்பியைத் திறந்தார்கள். ஸ்கோபெக்ஸ், மான்ஸ்டர் கிராப், டூட்டி ஃப்ரூட்டி என்று பெயர்கள் வரிசையாக வந்தன. கெண்டைக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் அந்தப் பெயர்கள் யாருக்காக என்று விளக்க வேண்டியதில்லை.

இதைவிட வலுவான சாட்சி ஒன்று உண்டு. லென்னி மிடில்டன் என்ற தூண்டில்காரர் தொட்டியில் இருந்த கெண்டைகளைக் கூர்ந்து கவனித்தார். சும்மா போட்ட உருண்டையைத் தயங்காமல் தின்கிற மீன், அதே உருண்டை முள்ளில் கோத்திருந்தால் தொடாமல் நகர்ந்துவிடுகிறது. அவரும் கெவின் மேடக்ஸும் சேர்ந்து உருண்டையை முள்ளிலிருந்து கழற்றி, ஒரு மயிரிழையில் கட்டி முள்ளுக்குக் கீழே தொங்கவிட்டார்கள். முதலில் நிஜமாகவே தலைமுடிதான். கெண்டை உறிஞ்சியது, கூடவே முள்ளும் வாய்க்குள் போனது. 1980களின் தொடக்கத்தில் இது வெளியே தெரிந்ததும் நாடு முழுக்க மீன் சிக்கும் கதையே மாறிவிட்டது. உருண்டை பழையது, வாசனை பழையது; புதிதாக வந்தது ஒரு முடி. கெண்டை அத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த புகார் சமையலைப் பற்றியதல்ல, தட்டில் கிடந்த முள்ளைப் பற்றியது. ஆனாலும் நம்மவரிடம் கேட்டுப் பாருங்கள்: முடிச்சைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசுவார், வாசனையைப் பற்றி இரண்டு மணி நேரம்.

‘கெண்டைக்கு அபாரமான மோப்பமும் ருசியும் உண்டே’ என்று அவர் மறுப்பார். உண்டு, மறுக்கவில்லை. உதட்டிலும் மீசையிலும் ருசி மொட்டுகள். அண்ணத்தில் தடித்த ஒரு தசை வேறு, மண்ணோடு உறிஞ்சியதில் தீனியை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றதைத் துப்புவதற்கு. ஆனால் அந்த ருசி மொட்டுகள் நன்றாக உணர்வது அமினோ அமிலங்களை. அவை புழுவிலிருந்தும் நத்தையிலிருந்தும் கசிகிறவை, நமக்குப் பெரிதாக மணக்காதவை. குப்பியில் இருப்பதோ மிட்டாய்க்காரர்களும் ஐஸ்கிரீம்காரர்களும் பயன்படுத்துகிற வகை வாசனை. காற்றில் பறந்து மனித மூக்கில் ஏறுவதற்கென்றே செய்தது. நமக்கு மூக்கும் வாயும் உள்ளே சேர்ந்திருப்பதால் மணமும் ருசியும் ஒன்றாகத் தெரிகின்றன. மீனின் மூக்குத் துளை வாயோடு சேர்வதில்லை. குப்பியைத் திறந்து முகர்ந்து, கண்ணை மூடி, ‘இது பிடிக்கும்’ என்று அவர் தீர்ப்புச் சொல்லும்போது, யாருக்குப் பிடிக்கும் என்பதில்தான் சந்தேகம்.

இதைவிடக் கெட்டியான மறுப்பு ஒன்றை நானே அவருக்கு எடுத்துக் கொடுக்கலாம். நெதர்லாந்தில் பியூகெமா என்ற ஆய்வாளர் குளத்தில் கெண்டை விட்டுத் தூண்டில் போட்டுப் பார்த்து, முடிவை 1970-இல் வெளியிட்டார். ஒரே ஒரு தடவை சிக்கிய மீன் அதற்குப் பிறகு வெகுகாலம், ஏறக்குறைய ஒரு வருஷம்வரைகூட, தூண்டிலுக்கு எளிதில் அகப்படவில்லை. அப்படியானால் மீனுக்கு ஞாபகம் இருக்கிறது. பழகிய வாசனையை மாற்றினால் ஏமாறலாம் அல்லவா? ஏமாறலாம். ஆனால் இந்த நியாயத்தை ஒப்புக்கொண்டால் பஞ்சாங்கம் கிழிந்துபோகும். அப்போது நல்ல வாசனை என்பது பருவத்துக்கு ஏற்றது இல்லை. பக்கத்தில் இருக்கிறவர் போடாதது. நம்மவருக்கும் இது உள்ளுக்குள் தெரியும் போலிருக்கிறது, அதனால்தான் கரையில் அந்த ரகசியக் காப்பு. “என்ன போட்டிருக்கீங்க?” என்று பக்கத்துக் கூடாரக்காரர் கேட்டால், “ஏதோ மஞ்சளா ஒண்ணு” என்பார். கேட்டவரும் விடமாட்டார்: “இனிப்பா, புளிப்பா?” “ரெண்டுங்கெட்டான்.” இருவர் பெட்டியிலும் ஒரே கடையில் வாங்கிய ஒரே குப்பி இருக்கும்.

கடைசியில் ஒரு வாதத்தைத் தூக்கிப் போடுவார்: ‘எனக்குக் கிடைக்கிறதே!’ கிடைக்கத்தான் செய்யும். குளிர்காலத்தில் கரையில் இருக்கிற பாதிப்பேர் அன்னாசி போட்டால், சிக்குகிற மீனில் பாதி அன்னாசிக்குத்தான் சிக்கும். புளிச்சாறு போட்டிருந்தால் புளிச்சாற்றுக்குச் சிக்கியிருக்கும். பீட்டர்பரோ அருகே புளூபெல் ஏரிகளில் பென்சன் என்று பெயர் வைத்து ஊரே கொண்டாடிய பெண் கெண்டை ஒன்று இருந்தது. 64 பவுண்டு வரை வளர்ந்தது. 2009-இல் இறந்தபோது பத்திரிகைகளில் இரங்கல் செய்தி வந்தது. வாழ்நாளில் அறுபது தடவைக்கும் மேல் பிடிபட்டு, அறுபது தடவைக்கும் மேல் படத்துக்கு நின்று, திரும்பத் தண்ணீருக்குள் போனது. பியூகெமாவின் மீன்களுக்கு இருந்த ஞாபகசக்தி இதற்கு வாய்க்கவில்லை. பிடித்தவர் ஒவ்வொருவரும் தன் குப்பிதான் காரணம் என்று நம்பியிருப்பார். என் கணக்கில் காரணம் ஒன்றே: பென்சனுக்குப் பசி. இதே இனத்தின் கண்ணாடிக் கெண்டையை 1939-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து நீலகிரியில் விட்டார்கள். நம்மூர்க்காரர்கள் மைதா உருண்டையோ மண்புழுவோ போட்டுத் தக்கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஏப்ரலுக்கு ஒரு மைதா, நவம்பருக்கு ஒரு மைதா என்று வைத்துக்கொள்வதில்லை.

அப்படியானால் அவரும் ரொட்டிக்கே திரும்பிவிடலாமே என்றால், அது மனிதரை அறியாத யோசனை. வெள்ளிக்கிழமை பச்சைக் கூடாரம் அடித்து, மூன்று தூண்டிலை வரிசையாக வைத்து, மீன் இழுத்தால் கூவுகிற மின்மணியை ஒவ்வொன்றிலும் பொருத்திவிட்டு, ஞாயிறு மாலைவரை படுத்திருக்கப் போகிறவர் அவர். காற்று அவர் பேச்சைக் கேட்காது; தண்ணீரின் சூட்டை அளக்கலாம், ஏற்ற முடியாது; மீன் எங்கே இருக்கிறது என்பதே பெரும்பாலும் ஊகம். அந்த மூன்று நாளில் அவர் கையில் இருக்கிற ஒரே அதிகாரம் எந்தக் குப்பி என்பதுதான். ரொட்டி போட்டு மீன் வராவிட்டால் குறை அவர்மேல் விழும். அன்னாசி போட்டு வராவிட்டால் அன்னாசிமேல் விழும், திங்கட்கிழமை கடைக்குப் போகவும் ஒரு காரணம் இருக்கும். கடைக்காரரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “உங்களுக்கு மட்டும் சொல்றேன், இந்த வருஷம் மல்பெரி” என்று, காலையிலிருந்து வந்த எல்லாருக்கும் சொன்னதைச் சொல்வார். நம்மவர் இரண்டு குப்பி வாங்குவார். ஒன்று தனக்கு, இன்னொன்று, அந்தப் பக்கத்துக் கூடாரக்காரர் கையில் அது அகப்படக்கூடாது என்பதற்காக.