கார்ட்டாழ்வார்

எங்கள் அபார்ட்மென்டில் ஒருவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கார்ட்டாழ்வார். நாவலூரிலிருந்து தெற்கே கடற்கரைப் பக்கம் போனால் திருவிடந்தை. அங்கே நித்யகல்யாணப் பெருமாளுக்குத் தினம் கல்யாணம். இங்கே இவருக்குத் தினம் ஆஃபர்.

போனில் மளிகைக்கென்று ஏழு ஆப். பிக்பாஸ்கெட், இன்ஸ்டாமார்ட், ஜெப்டோ, பிளிங்கிட், ஜியோமார்ட் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். மிச்சம் இரண்டும் சூப்பர் மார்க்கெட்டுகளின் சொந்த ஆப். சாமானைக் கார்ட்டில் போடுவார், வாங்க மாட்டார். “ஊறட்டும் சார்” என்பார், உளுந்து ஊறப்போட்டவர் மாதிரி. இரண்டு நாள் கண்டுகொள்ளாமல் விட்டால் ஆப் தானாக இறங்கிவந்து கூப்பன் நீட்டும் என்பது அவர் சித்தாந்தம். சில சமயம் நீட்டும். பல சமயம் ‘ஸ்டாக் இல்லை’ என்று கைவிரிக்கும். அந்த இரண்டு நாளும் அவர் வீட்டில் நிஜ உளுந்து ஊறாது. உப்புமாதான்.

முதல் ஆர்டருக்கு மட்டும் கிடைக்கும் தள்ளுபடி இருக்கிறதே, அதில் அவர் சொந்தத்தில் யாரையும் விட்டுவைத்ததில்லை. மனைவி நம்பர், அம்மா நம்பர், மச்சினன் நம்பர் எல்லாம் தீர்ந்து போய், ஒருநாள் மதியம் மதுராந்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்த மாமியாரை எழுப்பினார்.

“அத்தை, உங்க போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும். பார்த்துச் சொல்லுங்க.”

“வந்திருக்கு மாப்ளே. ஆனா யார் கேட்டாலும் சொல்லாதீங்கன்னு டிவில தினம் சொல்றாங்களே?”

“அது திருடனுக்கு அத்தை.”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. “அதான் மாப்ளே யோசிக்கிறேன்” என்றாராம்.

ஆனால் ஒன்று, ஆளுக்கு விஷயம் தெரியும். பெரிய பொட்டலம்தான் மலிவு என்று நம்புகிற கூட்டத்தில் அவர் இல்லை. கடலைப்பருப்பு ஒரு கிலோ பாக்கெட்டைவிட அரைக்கிலோ இரண்டு வாங்கினால் குறைகிற நாட்கள் உண்டு. பாக்கெட்டின் ஓரத்தில் கிராமுக்கு எத்தனை பைசா என்று எறும்பு எழுத்தில் போட்டிருப்பதை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் படிக்கிற அழகே தனி. எம்.ஆர்.பி. என்பது உச்ச விலைதான், அதற்குக் கீழே எவ்வளவுக்கு வேண்டுமானாலும் விற்கலாம், ஆகவே எம்.ஆர்.பி.யைக் கோடு போட்டு அடித்துக் காட்டுவதற்கெல்லாம் மயங்கக்கூடாது என்று லிஃப்டில் எனக்கு வகுப்பெடுத்தவரே அவர்தான். வகுப்பு முடிந்து ஆறாவது மாடியில் இறங்கும்போது, ‘40% தள்ளுபடி’ என்று செய்தி வந்ததும் கதவு மூடுவதற்குள் பாஸ்தா வாங்கிவிட்டார். அவர் வீட்டில் பாஸ்தா சாப்பிடுகிறவர் யாரும் கிடையாது.

2025 செப்டம்பரை அந்தக் குடும்பம் மறக்காது. பற்பசை, சோப்பு, ஷாம்புவுக்கெல்லாம் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிறது, 22ஆம் தேதி முதல் அமல் என்று 3ஆம் தேதி ராத்திரி அறிவிப்பு வந்தது. மறுநாளே வீட்டில் பற்பசைக் கொள்முதல் நிறுத்தம். முதல் வாரம் டியூபைக் கட்டைவிரலால் பிதுக்கினார்கள். இரண்டாவது வாரம் சப்பாத்திக் கட்டையால் உருட்டினார்கள். கடைசியில் கத்தரிக்கோலால் நெடுக வெட்டிப் பிரித்து, உள்சுவரில் ஒட்டியிருந்ததைப் பிரஷ்ஷாலேயே வழித்தார்கள். பையன் கொய்யா இலையைத் தேடிக் கீழே வந்ததை நானே பார்த்தேன். 118 ரூபாய் டியூப் 105 ஆகும். பதின்மூன்று ரூபாய்க்குப் பதினெட்டு நாள் விரதம்.

இதற்கெல்லாம் சிகரம் பிக்கப். ஆப்பில் ஆர்டர் போட்டுவிட்டுக் கடைக்கே போய் எடுத்துக்கொண்டால் டெலிவரி சார்ஜ் 35 ரூபாய் மிச்சம். கடை தொலைவில் இல்லை, அவர் பால்கனியில் நின்றால் போர்டு தெரியும். ஆனால் இருப்பது ஓ.எம்.ஆர். சாலையின் அந்தப் பக்கம். நடுவே மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வருகிற மெட்ரோவுக்காகத் தகரத் தடுப்பு. யூ-டர்ன் இன்று ஓரிடத்தில் இருக்கும், நாளை வேறிடத்தில். பத்துக் கிலோ கோதுமை மாவு ஆயிற்றே, கார் எடுக்காமல் முடியுமா? போக வர ஆறு கிலோமீட்டர், ஊர்ந்து போகிற நெரிசலில் அரை லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறைத் தாண்டி வருஷக்கணக்காகிறது. இதை நான் எடுத்துச் சொன்னபோது சிரித்தார். “பெட்ரோல் வேற ஷீட் சார்.”

ஆமாம், எக்ஸெல் வைத்திருக்கிறார். எம்.ஆர்.பி., கொடுத்தது, மிச்சம் என்று மூன்று பத்தி. நாவலூர் சுங்கச்சாவடியில் 2023 அக்டோபர் 19 முதல் கட்டணம் வாங்குவதை நிறுத்தினார்கள் அல்லவா? அந்த வழியாகக் காரில் போகிறபோதெல்லாம் இன்றைக்கும் ‘டோல் மிச்சம்’ என்று ஒரு வரி ஏறுகிறது. இந்தக் கணக்கில் வீட்டுக்கே போகாமல் சுங்கச்சாவடியைச் சுற்றிக்கொண்டிருந்தால் கோடீஸ்வரர் ஆகிவிடலாம்.

அவர் அம்மா ஒரு மஞ்சள் பையும் ரேஷன் கார்டுமாகப் போய், துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய்க்கும் வாங்கி வருகிறார். ஏழு ஆப்பும் ஒன்றுசேர்ந்து தலைகீழாக நின்றாலும் இந்த விலைக்கு வராது. ஷீட்டில் ஏன் இது இல்லை என்று கேட்டேன். “அதுல நாம என்ன சார் செஞ்சோம்? எல்லாருக்கும் அதே விலைதானே” என்றார். அப்போதுதான் எனக்கு ஆள் புரிந்தார். தனக்கு மட்டும் கிடைத்தால்தான் அது மிச்சம்.

நானும் யோக்கியன் இல்லை. அவர் கொடுத்த ரெஃபரல் கோடில் 50 ரூபாய் வாங்கியவன்தான். அந்த ராத்திரி கிடைத்த சந்தோஷம் இன்கிரிமென்ட் வந்தபோதுகூடக் கிடைக்கவில்லை.

போன சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்குப் பிக்கப் முடித்து வந்தார். லிஃப்டில் நானும் பைக்கு ஒரு கை கொடுத்தேன். மாவு, இரண்டு டிஷ்வாஷ் வாங்கியதற்கு வந்த இலவச ஸ்க்ரப்பர், மறுபடி பாஸ்தா. அவர் மனைவி வாசலிலேயே பையைக் குடைந்தார்.

“என்னங்க, கடுகு எங்கே?”

“கார்ட்ல இருக்கு.”

“கார்ட்ல இருந்தா? அடுப்புல எண்ணெய் காயுதுங்க!”

இருவரும் இறங்கித் தெருமுனை அண்ணாச்சி கடைக்கு ஓடினோம். அண்ணாச்சி ஆப்பைப் பார்க்கவில்லை, எங்கள் முகத்தைப் பார்த்தார். தாளிக்கிற அவசரம் தெரிந்திருக்க வேண்டும். கடுகு பாக்கெட்டோடு ஒரு கொத்துக் கறிவேப்பிலையை ஒடித்துப் பையில் செருகினார்.

“இதுக்கு எவ்வளவு அண்ணாச்சி?”

“கொசுறுதானே சார், வச்சுக்கோங்க.”

ஆழ்வார் அசையவில்லை. மேலே எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. தெருவிளக்கின் கீழ் நின்று போனை எடுத்தார். ‘கறிவேப்பிலை. எம்.ஆர்.பி. 10, கொடுத்தது 0’ என்று அடித்தவர் நிமிர்ந்து, அடுத்துக் கடைக்கு வந்து நின்றவரின் பையில் அண்ணாச்சி என்ன செருகுகிறார் என்று எட்டிப் பார்த்தார்.