ஒரு பொழுது

மூன்று மாதச் சர்க்கரை 8.4 என்று வந்த அன்றைக்கு டாக்டர் என்னைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே உணவு ஆலோசகர் இருந்தார். என் கடைசி மகளைவிடச் சின்ன வயது. அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார். காலையில் கம்மங்கூழ். மதியம் குதிரைவாலி அல்லது சாமை. தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடவும். பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாடு. ஒன்பது மணிக்குத் தூக்கம். வாரத்துக்கு 150 நிமிடமாவது நடை.

படிக்கப் படிக்கத் தெரிந்த வாழ்க்கையாக இருந்தது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊரில், 1960களில், என் அப்பத்தா வாழ்ந்தது இதைத்தான். இதிலிருந்து நான் தப்பித்துப் போகவேண்டும் என்றுதான் அப்பா இருந்த மூன்று ஏக்கரில் ஒன்றை விற்று என்னைப் படிக்கவைத்தார். திரும்பி வருவதற்கு ஆலோசனைக் கட்டணம் 600 ரூபாய்.

அப்பத்தாவுக்குக் கம்பு பிடிக்காது. சிறுதானியப் பெருமை பேசுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. தண்ணீர் தெளித்து உரலில் இடித்து, சுளகில் புடைத்து, மறுபடி இடித்து, அடுப்பில் ஏற்றிக் கிண்டி, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். காய்ச்சல்காரர்களுக்கு மட்டும் அரிசிக் கஞ்சி உண்டு. அதற்காகவே காய்ச்சல் வராதா என்று நாங்கள் ஏங்கியிருக்கிறோம். கார்டுக்கு ரேஷன் அரிசி ஒழுங்காக வரத் தொடங்கியதும் அப்பத்தா உலக்கையைப் பரணில் ஏற்றினாள். சாகும்வரை அதை இறக்கவில்லை.

இந்தியா கேட்டுக்கொண்டதன் பேரில் 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்தது. அந்த உற்சாகத்தில் நான் வாங்கிய கம்பு பிஸ்கட் பாக்கெட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். முதலில் மைதா, அடுத்தது சர்க்கரை, அதற்கும் கீழே எங்கோ கம்பு.

தரையில் உட்காருவதற்கு விஞ்ஞானம் இருக்கிறது. பிரேசில் நாட்டு மருத்துவர் க்ளாடியோ கில் அராஊஜோவும் அவர் குழுவினரும் 51 முதல் 80 வயதுக்குட்பட்ட 2,002 பேரைத் தரையில் உட்காரவைத்து எழுப்பிப் பார்த்து, 2012ல் முடிவை வெளியிட்டார்கள். உட்கார ஐந்து மார்க், எழ ஐந்து. கையையோ முழங்காலையோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் போகும், தள்ளாடினால் அரை. மார்க் குறைந்தவர்கள் அடுத்து வந்த வருடங்களில் அதிகமாக இறந்திருந்தார்கள். ஆலோசகர் என்னையும் உட்காரச் சொன்னார். ஒரு கை ஊன்றி, கொஞ்சம் தள்ளாடி உட்கார்ந்துவிட்டேன். எழுந்த விதத்தை எழுத இடம் போதாது. பத்துக்கு நாலரை.

அப்பத்தா எண்பது வயதிலும் தரையிலிருந்துதான் எழுந்தாள். முழங்காலில் கையை வைத்து அழுத்தி, “முருகா” என்று சொல்லிக்கொண்டே எழுவாள். பிரேசில்காரர் கணக்கில் அதற்கும் ஒரு மார்க் போயிருக்கும். முருகனுக்கு எவ்வளவு போடுவார் என்று தெரியவில்லை.

நடைக்கு மகன் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்திருக்கிறான். தினமும் பத்தாயிரம் அடி என்று அதில் இலக்கு. இந்தப் பத்தாயிரம் எந்த ஆஸ்பத்திரியிலும் பிறந்ததல்ல. 1965ல் ஜப்பானில் யமாசா கம்பெனி அடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்றது; அதன் பெயரே ‘பத்தாயிரம் அடி மீட்டர்’. விளம்பரத்துக்காக வைத்த உருண்டை எண் உலகத்துக்கே விதியாகிவிட்டது. 2019ல் அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடந்த ஆய்வில், 7,500 அடிக்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதல் ஆயுள் எதுவும் தெரியவில்லை. கடிகாரத்துக்கு இது தெரியாது. மணிக்கொருமுறை எழுந்து நிற்கச் சொல்லி மணிக்கட்டைச் சுரண்டும். போன மாதம் ஒரு துக்க வீட்டில் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது சுரண்டியது. பழக்கதோஷத்தில் எழுந்து நின்றேன். எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்து என் வரிசை முழுவதும் எழுந்தது. சங்கு ஊதுகிறவர் சங்கை வாயில் வைத்துவிட்டார்.

“அந்தக் காலத்து மனுசங்க நூறு வயசு இருந்தாங்கய்யா” என்று அந்தப் பந்தலில்தான் ஒருவர் ஆரம்பித்தார். இருந்தவர்களைத்தான் நமக்குத் தெரியும். என் தாத்தாவுக்கும் அதே கம்பு, அதே நடை. 52 வயதில் கமலை இறைத்துவிட்டு வந்து திண்ணையில் சாய்ந்தவர் எழவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி அதுவரை எங்கள் ஊர் எல்லைக்குள் வந்ததில்லை. அப்பத்தா பெற்றது ஒன்பது, தங்கியது நாலு. பெரியம்மை ஒன்றைக் கொண்டுபோனது. அது இந்த நாட்டை விட்டுப் போனது 1975ல்தான். சுதந்திரம் வந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயது; இன்று எழுபதை ஒட்டி நிற்கிறது. நடுவில் வந்த வருடங்களை ஊசியும் குழாய்த் தண்ணீரும் பென்சிலினும் கொடுத்தன. கம்பு அதற்கு முன்பும் இருந்தது.

இப்படியெல்லாம் பேசினாலும், அந்தத் தாளின்படி நாலு மாதம் இருந்ததில் என் சர்க்கரை 7.1க்கு இறங்கியது. அதை மறைத்தால் பாவம்.

இறங்கிய சந்தோஷத்தில் ஆலோசகர் அடுத்த பாடத்துக்குப் போனார். நாளில் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மீதிப் பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போட வேண்டும்.

“உங்க வீட்டுல யாராச்சும் விரதம் இருந்து பழக்கம் உண்டா சார்?”

அப்பத்தா ஒரு பொழுது இருப்பாள் என்றேன். திங்கள் சிவனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு.

“சூப்பர் சார். பாட்டி அப்பவே சயின்டிஃபிக்கா இருந்திருக்காங்க. எத்தனை வயசு வரைக்கும் இருந்தாங்க?”

“எண்பத்தி நாலு.”

அதையும் என் ஃபைலில் எழுதிக்கொண்டார். ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. ஒரு புதன்கிழமை மத்தியானம் அத்தையும் மாமாவும் நாலு பிள்ளைகளோடு சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். பானையில் இருந்தது எங்கள் எல்லாருக்கும் சரியாகப் போனது. நாங்கள் கை கழுவி வந்தபோது அப்பத்தா பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள்.

“நீ சாப்பிடலையா?”

“எனக்கு இன்னைக்கு ஒரு பொழுதுய்யா.”

“புதன்கிழமை எந்தச் சாமிக்கு அப்பத்தா?”

“வந்திருக்கிற சாமிகளுக்கு” என்றாள்.