கம்பெடுத்தவர் சிநேகம்

கம்பு சுற்றப் பழகியவன் ஊரில் வம்புக்கு அலைவான் என்று, கம்பைக் கையால் தொட்டறியாத பெரியவர்கள் வழிவழியாக ஓர் அபிப்பிராயம் வைத்திருக்கிறார்கள். என் அனுபவம் இதற்கு நேர் விரோதமானது. சிலம்பக் கூடத்தில் என்னோடு பயின்றவர்களைப் போன்ற பரம சாதுக்களை நான் பஜனை மடங்களில்கூடக் கண்டதில்லை. முழங்கை மொழியில் மூங்கில் எப்படி விழும் என்பதைத் தன் முழங்கையாலேயே தெரிந்துகொண்டவன், சந்தையில் கத்தரிக்காய் விலைக்காகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்புவானா?

எங்கள் கூடம் திருநெல்வேலிச் சீமையில், வாய்க்கால் ஓரத்தில் இருந்த ஒரு செம்மண் களம். விஜயதசமியன்று வெற்றிலை பாக்கு தட்சிணையோடு போய் நின்ற எனக்கு, அன்றைக்கே நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு கிடைத்துவிடும், மறுநாளே எம்.ஜி.ஆரைப் போலச் சுழற்றிவிடலாம் என்றொரு மனோராஜ்யம் இருந்தது. வாத்தியாரோ கையில் துடைப்பத்தைக் கொடுத்தார். களத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தால் காலடிப் பாடம். அது முடிந்தால் மறுபடியும் காலடிப் பாடம். நாங்கள் வெறுங்கையோடு, தலையைக் குனிந்து, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அளந்து அளந்து அடி வைப்பதைக் கண்ட வழிப்போக்கர் ஒருவர், பிள்ளைகள் எதையோ தொலைத்துவிட்டார்கள் என்று இரக்கப்பட்டுத் தாமும் குனிந்து தேடலானார்.

பூமியைத் தொட்டு, குருவை வணங்கி, எதிரில் நிற்பவனுக்கும் சலாம் வரிசை போட்ட பிறகே கம்பைத் தூக்கலாம் என்பது எல்லாக் கூடங்களுக்கும் உள்ள சம்பிரதாயம். எங்கள் வாத்தியார் தம் பங்குக்கு இன்னொன்றும் விதித்திருந்தார்: அடிபட்டவனுக்கு அடித்தவனே எண்ணெய் தடவி நீவிவிட வேண்டும். ஆத்திரத்தோடு ஓங்கிய அதே கை, வீங்கிய முழங்காலை அரை நாழிகை நேரம் நீவிக்கொண்டிருந்தால், வஞ்சமெல்லாம் நல்லெண்ணெயில் கரைந்து, அக்காள் கல்யாணம், பரீட்சைப் பயம், வீட்டுக் கடன் என்று பேச்சு எங்கெங்கோ போய்விடும். எனக்கு வாய்த்த ஆப்த நண்பர்களில் அநேகர் முதலில் கம்போடு என் மீது விழுந்து, பிறகு எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து சேர்ந்தவர்களே.

இந்தச் சிநேகத்தில் ஓர் அசௌகரியமும் உண்டு. எதிர்க்கம்பு பிடித்தவனிடம் எதையும் ஒளிக்க முடியாது. அடி வருமுன்பே என் வலக்கால் தானாகப் பின்வாங்கும் என்பது அவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நண்பரின் திண்ணையில் ஒருநாள் மழையைப் பற்றியும் மாங்காய் விளைச்சலைப் பற்றியும் நான் விஸ்தாரமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் குறுக்கிட்டு, "என்ன வே, காலு பின்னால போகுது? எவ்வளவு வேணும்?" என்றார். கேட்க வந்த தொகையைவிடக் குறைத்தே சொன்னேன். அதையும் கண்டுகொண்டு, கூட்டியே கொடுத்தார்.

என் மகள் கல்யாணத்தில், காபி ஆறிப்போயிற்று என்று சம்பந்தி வீட்டார் பந்தலே அதிரும்படி குரல் எழுப்பிய சமயம், பந்தியிலிருந்து எங்கள் கூடத்து ஆசாமிகள் ஒருசேர எழுந்தார்கள். அந்தத் தோள்களைக் கண்டு சம்பந்தி வாயடைத்துப் போனார். அவர்களோ நேரே அடுக்களைக்குச் சென்று, சுடச்சுடக் காபி கொண்டுவந்து, கைகட்டி நின்று பரிமாறினார்கள். சம்பந்திக்கு அது மிரட்டலா மரியாதையா என்பது இன்றுவரை விளங்கவில்லை.

வர்மம் கற்றுத் தரும்படி வாத்தியாரை ஒருமுறை கெஞ்சினேன். அந்த வித்தையைச் சீடனின் குணம் பார்க்காமல் எந்த ஆசானும் எடுத்துக் கொடுப்பதில்லை. "குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு ஒரு மாசம் வீட்டுல மூஞ்சியைக் காட்டாம இரு, அப்புறம் பார்ப்போம்" என்றார். மறுநாளே குழம்பில் உப்பு கூடியிருந்தது. வர்மம் எனக்குப் பிராப்தமில்லை.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம்பெற்ற செய்தி வந்த அன்று, மூட்டுவலி, சர்க்கரை, கண்புரை சகிதமாக எல்லோரும் என் வீட்டில் கூடிவிட்டோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் காலடி சரியா தப்பா என்று தர்க்கம் முற்றி, கண்டக்டர் நண்பர் என் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எதிரில் நானும் ஒட்டடைக் கம்போடு நின்றேன். சலாம் வரிசை முடிவதற்குள் என் மனைவி உள்ளேயிருந்து வந்து, எங்கள் இருவருக்கும் நடுவே நல்லெண்ணெய்ப் பாட்டிலை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனாள்.